தங்க நிற போல்ட் கேரியர் வாங்கலாமா?

அக்கா மகன் டெக்சாஸில் இருக்கிறான். கிரீன் கார்டு கைக்கு வந்தபிறகு ஏஆர்-15 வகை செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் ஒன்று வாங்கினான். (எச்1பி விசாவில் இருக்கிறவர்களுக்குப் பொதுவாக அங்கே துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதி கிடையாது. அதனால்தான் இத்தனை வருஷம் பொறுத்திருந்தான்.) போன வாரம் அவன் கேட்டது இது: "மாமா, பதினாறு அங்குல பேரல், 5.56 மி.மீ. தோட்டா. முப்பது தோட்டா சுட்டால் ஒன்றிரண்டு காலிக் கூடு வெளியே வராமல் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. போல்ட் கேரியர் குரூப்பை நல்லதாக மாற்று, சரியாகிவிடும் என்று ரேஞ்சில் சொல்கிறார்கள். தங்க நிறப் பூச்சுப் போட்டது 250 டாலர். சாதாரணக் கறுப்பு 120. எதை வாங்கட்டும்?"

ராணுவத்தில் இ.எம்.இ. என்கிற பழுதுபார்க்கும் பிரிவில் இருபத்துநான்கு வருஷம் ஆர்மரராக, அதாவது துப்பாக்கி பழுதுபார்ப்பவனாக, இருந்தேன். கையில் அதிகம் புழங்கியது நம் ராணுவ ரைஃபிள்களான எஸ்எல்ஆரும் இன்சாஸும். ஏஆர் குடும்பத்தை அமெரிக்கர்களோடு நடந்த ஒரு கூட்டுப் பயிற்சியில்தான் பிரித்துப் பார்த்தேன். இப்போது ஒரத்தநாடு பக்கம் ஆறு மா நிலமும் நானுமாக இருக்கிறேன். அவனுடைய நண்பர்கள் நாலு பேரும் இதே கேள்வியைக் கேட்கிறார்களாம். ஆகவே போனில் சொல்லிவிட்டுப் போகாமல் எழுதியே வைத்துவிடுகிறேன்.

மாப்பிள்ளை, வாங்குவதைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொள். போல்ட் என்பது பேரலின் பின்வாயைப் பூட்டும் துண்டு, கேரியர் அதைத் தாங்கிக்கொண்டு முன்னும் பின்னும் ஓடும் துண்டு. உன் தாத்தா கடைமடையில் வாய்க்கால் தண்ணீரை இறைக்க வைத்திருந்த ஆயில் இன்ஜின் ஞாபகம் இருக்கிறதா? சிலிண்டர், அதற்குள் பிஸ்டன், பிஸ்டனைச் சுற்றி ரிங்குகள். உன் துப்பாக்கிக்குள் இருப்பதும் ஏறக்குறைய அதேதான். தோட்டா வெடித்ததும் குண்டு பேரலில் ஓடும். வழியில் ஒரு சிறு துளை வழியாகக் கொஞ்சம் வாயு பிரிந்து, மேலே இருக்கும் மெல்லிய குழாயில் பின்னோக்கி வரும். கேரியரின் தலையில் திருகியிருக்கும் கேஸ் கீ அதை வாங்கி உள்ளே விடும். கேரியர்தான் சிலிண்டர். போல்ட்டின் வால்தான் பிஸ்டன். அதில் மூன்று ரிங்குகள் உண்டு. வாயு உள்ளே விரியும்போது போல்ட் முன்னால் அழுந்தும், கேரியர் பின்னால் தள்ளப்படும். கேரியர் கொஞ்சம் நகர்ந்ததும் கேம் பின் என்ற முளை போல்ட்டைத் திருப்பும், பூட்டு விடும், பிறகு இரண்டும் சேர்ந்து காலிக் கூட்டை இழுத்துக்கொண்டு பின்னால் போகும். யூஜின் ஸ்டோனர் 1960இல் காப்புரிமை வாங்கிய யோசனை இது. எஸ்எல்ஆரிலும் இன்சாஸிலும் பிஸ்டன் கேரியருக்கு முன்னால் ஒரு கம்பியாக இருக்கும். ஸ்டோனர் அந்தக் கம்பியையே எடுத்துவிட்டார். எடை குறைந்தது, ஆனால் கரி எல்லாம் கேரியருக்குள்ளேயே வந்து சேர்ந்தது.

இன்ஜின் மெக்கானிக் ரிங் போடும்போது வெட்டுவாய்கள் ஒரே நேர்கோட்டில் வராமல் மாற்றி மாற்றி வைப்பார். அதைப் பார்த்துவிட்டுத்தான் இங்கேயும் ரிங் வாய் நேராக இருந்தால் துப்பாக்கி ஓடாது என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். ஓடும். சுடச்சுட அவை தானாகவே சுற்றிக்கொண்டுதான் இருக்கும். ரிங் தேய்ந்ததா என்று பார்க்க வேறு வழி இருக்கிறது. கேரியரை வெளியே எடுத்து, போல்ட்டை முழுக்க முன்னால் இழுத்து, போல்ட் முகம் கீழே இருக்கும்படி மேஜைமேல் நிறுத்து. கேரியர் தன் எடையாலேயே சரிந்து இறங்கிவிட்டால் ரிங் போயிற்று, புது ரிங் போடு. ஒரு செட் சில டாலர்தான். வீடியோ காலில் நீ நிறுத்திக் காட்டினாய், அசையாமல் நின்றது. ஆக, உன் ரிங்கில் பழுதில்லை.

பிறகு எங்கே பழுது? அன்றைக்கு நீ காமிராவைத் தரையில் காட்டினாய். காலிக் கூடுகள் உனக்கு வலப்பக்கம் நேராக விழவில்லை, முன்னால் தள்ளி விழுந்து கிடந்தன. நீ சுடும் திசையைக் கடிகாரத்தின் பன்னிரண்டு என்று வைத்துக்கொண்டால், கூடுகள் மூன்று, நாலு மணிப் பக்கம் விழுந்தால் நல்லது. உன்னுடையவை ஒன்றரை மணியில் கிடந்தன. அப்புறம் சிக்கிக்கொண்ட கூடு ஒன்றை விரலில் பிடித்துக் காட்டினாய். அதன் விளிம்பில் நகத்தால் கிள்ளியது மாதிரி ஒரு சின்னக் கடி. எக்ஸ்ட்ராக்டர் கொக்கி பிடித்து இழுத்திருக்கிறது, விளிம்பு வழுக்கிவிட்டிருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது, உன் துப்பாக்கிக்குள் வாயு அதிகமாக வருகிறது. பதினாறு அங்குலப் பேரலில் ஏழு அங்குல கார்பைன் வாயுக்குழாய் வைத்த துப்பாக்கிகளில் இது சகஜம். துளை சேம்பருக்கு (தோட்டா உட்காரும் அறைக்கு) கிட்டே இருப்பதால் அழுத்தம் இறங்குவதற்குள் வாயு வந்து தட்டிவிடுகிறது. வெடித்த சூட்டில் கூடு விரிந்து சேம்பர் சுவரை ஒட்டிப் பிடித்திருக்கும். அது சுருங்கி விடுவதற்குள் போல்ட் திறந்து இழுத்தால் கொக்கி வழுக்கத்தான் செய்யும்.

இங்கே 250 டாலர் பூச்சு என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. வழுக்கலான பூச்சு என்றால் கேரியர் இன்னும் சுலபமாகப் பின்னால் ஓடும், அவ்வளவுதான்.

இது புதுக்கதை இல்லை. வியட்நாமில் 1965-67 வாக்கில், உன் துப்பாக்கியின் ராணுவ வடிவமான எம்16 அடிக்கடி சிக்கியது. அங்கேயும் முக்கியமான புகார் இதேதான், காலிக் கூடு வெளியே வரவில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் துணைக் குழு ஒன்று 1967இல் விசாரித்தது. தோட்டாவில் வேறு வகை வெடிமருந்துக்கு மாறியிருந்தார்கள், அதனால் துப்பாக்கியின் வேகம் கூடிப்போயிருந்தது. சேம்பரில் குரோம் பூச்சு இல்லை, ஈரத்தில் அரித்துச் சொரசொரப்பானது. சுத்தம் செய்யும் சாமான்கூடப் போதுமான அளவு சிப்பாய் கைக்குப் போகவில்லை. எப்படிச் சரிசெய்தார்கள் தெரியுமா? கேரியருக்குப் பின்னால் நின்று அதன் ஓட்டத்தை மெதுவாக்கும் பஃபர் என்ற எடைத்துண்டைக் கனமாக்கினார்கள், சேம்பருக்குக் குரோம் பூசினார்கள், சுத்தம் செய்யச் சொல்லிக் கொடுத்தார்கள். இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. ஆரம்ப எம்16களில் கேரியர் முழுக்கக் குரோம் பூச்சோடு நாச்சியார்கோவில் குத்துவிளக்கு மாதிரி மின்னிக்கொண்டுதான் இருந்தது. பிற்பாடு வெளிப்பக்கத்துக்கு மங்கலான பாஸ்பேட் பூச்சே போதும் என்று ராணுவம் மாறிவிட்டது. கேரியரின் உள்துளையிலும் கேஸ் கீயின் உள்ளேயும் மட்டும் குரோம் இன்றைக்கும் உண்டு. வாயு தட்டுவது அங்கேதானே.

நம் எஸ்எல்ஆரில் மிச்ச வாயுவை வெளியே விடும் ரெகுலேட்டர் இருந்தது. முழுக்கத் திறந்துவைத்துச் சுட்டு, கூடு ஒழுங்காகத் தள்ளப்படும்வரை ஒவ்வொரு சொடுக்காக மூடிக்கொண்டு வருவோம், அதற்குமேல் ஒன்றிரண்டு சொடுக்கு கூடுதலாக வைப்போம். உன் துப்பாக்கியில் அந்த வசதி இல்லை. ஆகவே நீ செய்ய வேண்டியது பின்பக்கத்தில் இருக்கிறது. ஸ்டாக் குழாய்க்குள் இருக்கும் பஃபரைக் கழற்றி அதன் முகத்தைப் பார். எழுத்து ஒன்றும் இல்லை என்றால் அது சாதாரண கார்பைன் பஃபர், மூன்று அவுன்ஸ், அதாவது 85 கிராம். எச் என்று போட்டது 3.8 அவுன்ஸ். எச்2 என்றால் 4.6. முதலில் எச் போட்டுப் பார், போதவில்லை என்றால் எச்2. கூடவே எக்ஸ்ட்ராக்டருக்குப் புது ஸ்பிரிங், உள்ளே கறுப்பு ரப்பர் துண்டு, அதைச் சுற்றி ஓ-ரிங். இரண்டும் சேர்த்து நாற்பது டாலருக்குள் முடிந்துவிடும். அதற்கும் முன்னால் சேம்பர் பிரஷ் போட்டு நன்றாகத் தேய். நீ பேரலை மட்டும் துடைத்துவிட்டு சேம்பரை விட்டுவிடுகிறாய் என்று எனக்குச் சந்தேகம். ராணுவ ஆயுத அறையில் புல்த்ரூ கயிற்றில் கந்தைத் துணியைக் கோத்துப் பேரலுக்குள் இழுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நிற்கும் புதுப் பையன்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

சரி, இதெல்லாம் செய்தபிறகும் புது போல்ட் கேரியர் வாங்கத்தான் ஆசை என்றால் வாங்கு, தப்பில்லை. பழையதை மாற்றாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் பணத்தைக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் போடாதே, தெரியாத இடத்தில் போடு.

தெரியாத இடம் என்றால் முதலில் போல்ட்டின் இரும்பு. அடி முழுவதையும் வாங்குவது போல்ட்தான். முன்னால் ஏழு பற்கள், அவை பேரலின் பின்பகுதியில் பூட்டிக்கொள்ளும். எக்ஸ்ட்ராக்டருக்குப் பக்கத்தில் இருக்கும் பற்களும், நடுவில் கேம் பின் போகும் துளையும்தான் போல்ட் உடையும் இடங்கள். அமெரிக்க ராணுவத்தின் வரைபடம் போல்ட்டுக்குக் கார்ப்பென்டர் 158 என்ற இரும்பைச் சொல்கிறது. 9310 என்பது இன்னொன்று. இரண்டில் எது பெரிசு என்று அங்கே ஓயாமல் சண்டை போடுகிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டுமே நல்ல இரும்புதான், உலையில் போட்டுப் பதப்படுத்தியவனின் கைதான் முக்கியம். எந்த இரும்பு என்றே சொல்லாமல் "உயர்தர ஸ்டீல்" என்று மட்டும் எழுதி விற்றால் அந்தப் பக்கம் போகாதே. கேரியருக்கு 8620 வழக்கம்.

8620 என்பது மேற்பரப்பை மட்டும் கடினமாக்கும் இரும்பு. மன்னார்குடியில் ஒரு லேத் பட்டறையில் டிராக்டர் பின் ஒன்று செய்யக் கொடுத்திருந்தேன். பட்டறைக்காரர் நல்ல கெட்டியாக இருக்கட்டும் என்று முழுக்கக் கடினமாக்கிக் கொடுத்தார். மூன்றாம் நாள் உழவில் கண்ணாடி மாதிரி இரண்டாக ஒடிந்தது. உடைந்த முகத்தைப் பார்த்தால் நடுவரைக்கும் ஒரே சாம்பல் நிறப் பொடிமணி. அடுத்ததை வேறு ஆளிடம் செய்தேன். வெளித்தோல் மட்டும் கடினம், உள்ளே அடியை வாங்கி வளைந்து கொடுக்கும் மிருது. அது இன்னும் ஓடுகிறது. போல்ட்டுக்கும் கேரியருக்கும் வேண்டியது அந்தக் குணம்தான்.

அடுத்து சோதனை. விளம்பரத்தில் எச்பிடி, எம்பிஐ என்று இரண்டு எழுத்துக் கூட்டம் வரும். முதலாவது, வழக்கத்தைவிட அழுத்தம் கூடிய சோதனைத் தோட்டா ஒன்றைச் சுட்டுப் பார்ப்பது. இரண்டாவது, அப்படிச் சுட்டபிறகு போல்ட்டைக் காந்தமாக்கி, மின்னும் இரும்புத் தூள் கலந்த திரவத்தை ஊற்றிப் புற ஊதா விளக்கில் பார்ப்பது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் தூள் அங்கே கோடாகச் சேர்ந்து ஒளிரும். ஒவ்வொரு போல்ட்டையும் சோதித்தார்களா, நூறில் ஒன்றை எடுத்துப் பார்த்தார்களா என்பதைக் கேட்டு வாங்கு. சோதித்த போல்ட்டின் பல்லுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் அந்த முத்திரை இருக்கும். இதோடு "ஷாட் பீன்" என்றும் சொல்வார்கள். சின்னச் சின்ன உருண்டைகளை வேகமாக அடித்து மேற்பரப்பை இறுக்குவது. விரிசல் தொடங்காமல் இருக்க அது நல்லது.

மூன்றாவதாகக் கேஸ் கீ. இதை நீ கண்ணாலேயே பார்க்கலாம், ஆனால் யாரும் பார்ப்பதில்லை. கீயை இரண்டு திருகுகள் கேரியரோடு பிடித்திருக்கும். அந்தத் திருகுகள் தளராமல் இருக்க, கீயின் பக்கவாட்டு உலோகத்தை உளியால் அடித்துத் திருகுத் தலைமேல் தள்ளியிருக்க வேண்டும். நல்ல வேலை என்றால் உலோகம் உண்மையாகவே நகர்ந்து திருகின் பல்லுக்குள் கடித்துக்கொண்டிருக்கும். மோசமான வேலை என்றால் மேலே ஒரு பொட்டு வைத்த மாதிரி தடம் மட்டும் இருக்கும். நான் சொன்ன கூட்டுப் பயிற்சியில் ஒரு கார்பைன் இரண்டு தோட்டாவுக்கு ஒரு தடவை நின்றுகொண்டே இருந்தது. மேகஸினை மாற்றினார்கள், எண்ணெய் விட்டார்கள், ஒன்றும் நடக்கவில்லை. அவர்களுடைய ஆர்மரர், ஐம்பதை ஒட்டிய சார்ஜன்ட், கேரியரை எடுத்துக் கீயைக் கட்டைவிரலால் லேசாக அசைத்தார். ஆடியது. திருகுத் தலையைச் சுற்றி வாயு கசிந்த கறுப்பு வட்டம். என்னைப் பார்த்துச் சிரித்தார். மொழி தேவைப்படவில்லை. படத்தைப் பெரிதாக்கிக் கீயைக் காட்டாத கடையில் வாங்காதே என்பேன்.

இனி அந்தப் பூச்சுக்கு வருவோம். பாஸ்பேட் என்பது பழைய சாம்பல் கறுப்பு. சொரசொரப்பாக இருக்கும், எண்ணெயைப் பிடித்துவைத்துக்கொள்ளும், கரி ஒட்டும், சுரண்ட வேண்டும். நைட்ரைடு உண்மையில் பூச்சே இல்லை, இரும்பின் மேல்தோலையே மாற்றுவது. உரியாது, துருவை நன்றாகத் தாங்கும், துடைத்தால் கரி வரும். உனக்கு நான் சொல்வது இதைத்தான். நிக்கல் போரான் வெள்ளிபோல் இருக்கும், முதலில் அழகு, போகப்போகப் பழுப்பு ஏறும். குரோம் நல்லது, விலையும் அப்படி. டிஎல்சி என்ற வைரம் போன்ற கார்பன் பூச்சு வழுக்கலில் கெட்டிக்காரன். நீ கேட்ட தங்க நிறம் டைட்டானியம் நைட்ரைடு, தொழிற்சாலையில் டிரில் பிட்டுக்குப் பூசுவார்களே அதுதான். கெட்டியான பூச்சுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் 130 டாலர் அதிகம் கொடுத்து நீ வாங்குவது துடைக்கும் நேரத்தில் பத்து நிமிஷம். எந்தப் பூச்சானாலும் "எண்ணெயே வேண்டாம்" என்று சொன்னால் நம்பாதே. கேரியரின் வெளிப்பக்கத்தில் பளபளவென்று தேய்ந்த நாலு கோடுகள் தெரியும், அவற்றின்மேல், கேம் பின்னில், ரிங்குகளில் எண்ணெய் இருக்க வேண்டும். நம் ஊர் ஐப்பசி அடைமழையில் ஆயுதக் கிடங்கைக் காத்தவன் சொல்கிறேன், எண்ணெயைப் போல ஒரு பூச்சு கிடையாது.

எடை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கவனம். அலுமினியம், டைட்டானியம் என்று எடை குறைத்த கேரியர்கள் விற்கிறார்கள். போட்டியில் சுடுபவர்கள் அவற்றைப் போட்டு, வாயுவைக் குறைக்க அட்ஜஸ்டபிள் கேஸ் பிளாக்கும் வைத்து, குலுக்கலைக் குறைத்துக்கொள்வார்கள். இரண்டும் சேர்ந்தால்தான் அது வேலை. ஏற்கெனவே வாயு அதிகமான உன் துப்பாக்கியில் லேசான கேரியரைப் போட்டால் இப்போது இருக்கும் வியாதி இரண்டு மடங்காகும். உனக்கு வேண்டியது முழு எடைக் கேரியர். கடையில் அதை எம்16 வகை, ஃபுல் ஆட்டோ வகை என்று எழுதியிருப்பார்கள். பயப்படாதே, பின்பகுதியில் கொஞ்சம் இரும்பு அதிகம், அவ்வளவுதான். அதைப் போட்டதால் துப்பாக்கி தானியங்கி ஆகிவிடாது.

பொருள் வந்ததும் நேராக ரேஞ்சுக்கு ஓடாதே. புது போல்ட்டும் பழைய பேரலும் சேரும்போது ஹெட்ஸ்பேஸ், அதாவது பூட்டிய போல்ட்டுக்கும் சேம்பரில் தோட்டா போய் நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம், பார்க்க வேண்டும். "கோ" அளவியில் போல்ட் பூட்ட வேண்டும், "நோ-கோ" அளவியில் பூட்டக் கூடாது. அளவி வாங்க மனமில்லை என்றால் அங்கே கன்ஸ்மித்திடம் கொடு, ஐந்து நிமிஷ வேலை. தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின் போல்ட் முகத்தைத் தாண்டி 0.71 முதல் 0.91 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல். இன்னொன்று, தோட்டாவைச் சேம்பரில் ஏற்றிச் சுடாமல் வெளியே எடுத்தால் தோட்டாவின் அடியில் இருக்கும் பிரைமரில் பொட்டு மாதிரி ஒரு சின்னப் பள்ளம் தெரியும். இந்த வகைத் துப்பாக்கியில் ஃபயரிங் பின்னுக்கு ஸ்பிரிங் கிடையாது, போல்ட் மூடும் வேகத்தில் அது முன்னால் வந்து தொடும். அது பழுதில்லை. அதற்காக ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்காதே. உன் நண்பன் 300 பிளாக்அவுட் தோட்டா சுடும் துப்பாக்கி வைத்திருக்கிறானே, அவனுக்கும் இதே போல்ட் பொருந்தும். 6.5 கிரெண்டல் தோட்டா சுடும் துப்பாக்கி வைத்திருப்பவனுக்குப் பொருந்தாது, போல்ட் முகம் வேறு.

அப்புறம், கடைசியாகப் பேசும்போது ஒன்று சொன்னாய். பொங்கலுக்கு வரும்போது பழைய கேரியரைப் பெட்டியில் போட்டு எடுத்துவந்து என்னிடம் காட்டுகிறேன் என்று. வேண்டவே வேண்டாம். நம் நாட்டின் 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் ஆயுதம் என்றால் அதன் உறுப்புகளும் சேர்த்திதான். அங்கிருந்து அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்கு எடுத்துப்போவதும் அமெரிக்கச் சட்டப்படி குற்றம். ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையையே ஊருக்கும் தூக்கிக்கொண்டு வந்து, அதன் மூலையில் மறந்துபோன ஒரு தோட்டாவால் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். திருச்சியில் இறங்கினால் ஒரத்தநாட்டுக்கு ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடலாம், இதைக் கொண்டுவந்தால் எப்போது வருவாய் என்று எனக்கே தெரியாது. பையைத் தலைகீழாகக் கொட்டி உதறிவிட்டு வா. இல்லை, வேறு பையில் வா.

முதலில் எச் பஃபரும் எக்ஸ்ட்ராக்டர் ஸ்பிரிங்கும் போட்டு, சேம்பரைத் தேய்த்து, ஒரே வகைத் தோட்டாவில் அறுபது சுடு. கூடுகள் எங்கே விழுந்தன என்று நீ நின்ற இடம் தெரியும்படி ஒரு படம், விளிம்பு தெரியும்படி நாலைந்து கூடுகளின் படம், அனுப்பு. அதைப் பார்த்துவிட்டுப் புதுசு தேவையா என்று சொல்கிறேன். நாளை சம்பா அறுவடைக்கு மிஷின் வருகிறது, இரவு ஒன்பது மணிக்குமேல் கூப்பிடு.